நோட்டுக்குக் காவல் போட்டோம், நெட்டுக்கும் போடுவோம்

(மயிலாடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நம் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காகப் பெரும்பாலும் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, கடன், வசூல் என்று பேசுகிற இந்த இடத்தில், இன்னைக்கு லேப்டாப்பையும் நெட் கார்டையும் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. "இது பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறது எனக்குத் தெரியுது. முதலில் எங்க குழுவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகேன். அதைக் கேட்ட பிறகு இது யார் சமாச்சாரம் என்று நீங்களே சொல்லுங்க.

எங்க குழுவில் நடந்தது

எங்க குழுவில் கணக்கு எழுத ஒரு லேப்டாப் இருக்கு. நாங்க வாங்கினது இல்லை. 2011இல் அரசு தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்க உறுப்பினர் ஒருவரின் மகளுக்குக் கிடைச்சது. பிள்ளை படிச்சு முடிச்சு, கல்யாணமாகிப் போயாச்சு. "சும்மா அலமாரியில் கிடக்கு, குழுவுக்கு இருக்கட்டும்" என்று கொடுத்தாங்க.

நெட்டுக்கு ஒரு சின்ன வைஃபை டாங்கிள் வாங்கினோம். அதுக்கு ஒரு சிம் வேணும், சிம்முக்கு ஒருத்தருடைய ஆதார் வேணும். யார் தாறீங்கன்னு கேட்டதும், கல் பட்டறையில் பாலிஷ் வேலைக்குப் போகிற ஒரு அக்கா, "என் பேருல எடுங்க பிள்ளே, எனக்கென்ன" என்று உடனே சொன்னாங்க.

வைஃபைக்கு நாங்க வச்ச பாஸ்வேர்ட் ஒண்ணிலிருந்து எட்டு வரை. மறந்துபோகக் கூடாதுன்னு, கூட்டம் நடக்கிற திண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வச்சோம்.

ஒரு மாசக் கடைசி. வங்கிக் கடனுக்காகக் குழுவின் விவரங்களை அனுப்ப வேண்டிய நாள். நெட் ஓடவே இல்லை. அன்றைக்கு உள்ள டேட்டா காலை பதினொரு மணிக்கே தீர்ந்துபோயிருந்தது. விஷயம் தெரிஞ்ச தம்பி ஒருத்தனைக் கூப்பிட்டு டாங்கிளைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அதில் ஒன்பது கருவிகள் இணைஞ்சிருந்தது. நம்முடையது ரெண்டுதான். மத்த ஏழும் யாருடையது? தெருவில் போறவன் வாறவன் எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கான்.

டேட்டா போனது பெரிசில்லை, அடுத்த நாள் வந்துரும். ஆனா அந்தப் பாலிஷ் வேலை அக்கா மெதுவாக ஒரு கேள்வி கேட்டாங்க. "பிள்ளே, அந்த ஏழு பேரும் என் பேருல இருக்க நெட்டுல என்னென்ன செஞ்சானுவளோ? வேண்டாதது ஏதாவது செஞ்சிருந்தா, போலீசு யார் வீட்டு நடைக்கு வரும்?"

என்னால் பதில் சொல்ல முடியலை. ஒரே ஒரு நாள் கடைக்குப் போய் விரல் வச்சதைத் தவிர அந்த அக்கா எந்தத் தப்பும் செய்யலை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிச்சதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

பதில் 2008இலேயே இருக்கு

2008 ஜூலை 26 அன்று குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடிச்சது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குண்டு வெடிக்கிறதுக்குச் சற்று முன்னால் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கேயிருந்து வந்ததுன்னு போலீஸ் தேடிப் போனாங்க. போய் நின்ன இடம் நவி மும்பையில் ஒரு வீடு. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். அவருக்கும் குண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் வீட்டு வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை, அவ்வளவுதான். யாரோ அந்த வழியாக உள்ளே புகுந்து மின்னஞ்சலை அனுப்பிட்டுப் போயிட்டான். ஆனா விசாரணை, கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்றது, பத்திரிகையில் பேர் வாறது எல்லாம் அவருக்குத்தான் நடந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டு வெடிச்சபோது வந்த மின்னஞ்சலும் மும்பையில் ஒரு கம்பெனியின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. இதுக்குப் பிறகு 2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்க வேணும் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

போலீஸ் எப்படிச் சரியாக அந்த வீட்டுக்குப் போனாங்க? இணையத்தில் யார் எதைச் செய்தாலும், எந்த இணைப்பு வழியாகச் செய்தாங்க என்று ஒரு எண் பதிவாகும். ஐ.பி. முகவரி என்பாங்க. இந்த நேரத்தில் இந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று கம்பெனியிடம் கேட்டால், அவங்க சிம் யார் பேரில் இருக்கோ அந்தப் பேரைக் கொடுப்பாங்க. யார் கை தட்டினதுன்னு அந்த எண்ணுக்குத் தெரியாது. யார் பேருன்னு மட்டும்தான் தெரியும்.

ஆக, அந்த அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "போலீசு முதலில் உங்க வீட்டு நடைக்குத்தான் அக்கா வரும். நீங்க தப்பு செய்யலைன்னு பிறகு தெரியும். ஆனா அதுவரை அலையிறது நீங்கதான்."

நமக்குப் புதிசு இல்லை

உடனே "அப்படின்னா இந்த நெட்டே வேண்டாம், தூக்கிப் போடுங்க" என்று யாரும் சொல்லிரக் கூடாது. கம்பியில்லாத இணையம் கிராமத்துப் பெண்களுக்குப் புதிசு இல்லை. 1998இல் புதுச்சேரி வில்லியனூர்ப் பக்கம் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கி, ஊர்களைக் கம்பியில்லா முறையில் இணைச்சது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்கிற தகவலை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னாங்க. 2001இல் மதுரை மேலூர்ப் பக்கம், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கின கார்டெக்ட் என்கிற கம்பியில்லா முறையில் கிராமங்களில் இணைய மையங்கள் வந்தது. அதில் சில மையங்களைப் பெண்களே நடத்தினாங்க.

நம்ம இயக்கமே அப்படித்தானே? 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1997-98இல் மகளிர் திட்டமாக வளர்ந்தபோது, கைநாட்டு வச்ச எத்தனையோ பேர் கையெழுத்துப் போடப் படிச்சோம். தீர்மான நோட்டில் எழுதாமல் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது, பாஸ்புக்கை மாதம்தோறும் எல்லாருக்கும் காட்டணும், வங்கிக்கு ஒருத்தி தனியாகப் போகக் கூடாது என்று நமக்கு நாமே கட்டுப்பாடு வச்சோம். அதனால்தான் வங்கி நம்மை நம்பிக் கடன் தருது. நோட்டுக்குக் கொடுத்த அந்தக் கட்டுப்பாட்டை நெட்டுக்கும் கொடுக்கணும். நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். எப்படிக் கொடுப்பது என்பதை இனிப் பார்ப்போம்.

கையில் இருப்பது எந்த வகை?

முதலில் நம்ம கையில் இருக்கிறது என்ன என்று தெரியணும். மூன்று வகை இருக்கு.

ஒண்ணு, லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் நேரே செருகுகிற டாங்கிள். முன்னாடி டேட்டா கார்டு, நெட் செட்டர் என்றெல்லாம் சொன்னோமே, அதுதான். வைஃபை இல்லாத டாங்கிள் என்றால் செருகின லேப்டாப்புக்கு மட்டும்தான் நெட் கிடைக்கும். வெளி ஆள் வைஃபை வழியாக உள்ளே வர முடியாது. குழுவுக்கு ஒரே ஒரு லேப்டாப் போதும் என்றால் இதுவே நல்லது.

ரெண்டு, வைஃபை டாங்கிள் அல்லது பாக்கெட் வைஃபை. இது சுத்துவட்டாரத்தில் பல கருவிகளுக்கு நெட் கொடுக்கும். சுவர் தாண்டியும் போகும். நம்ம வீட்டுக்குள்ளே வச்சாலும் தெருவிலிருந்து பிடிக்கலாம். அதனால் பூட்டு கட்டாயம்.

மூணு, நம்ம செல்போனிலேயே ஹாட்ஸ்பாட் போடுவது. இப்போ அதிகம் பேர் செய்றது இதுதான். இதுக்கும் பூட்டு உண்டு. வேலை முடிஞ்சதும் அணைக்கணும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கின சி.டி.எம்.ஏ. டேட்டா கார்டு பெட்டியில் கிடந்தால் எடுக்காதீங்க. அந்தச் சேவையே நின்னுபோச்சு. 3ஜி மட்டும் பிடிக்கிற பழைய டாங்கிளை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீங்க. தனியார் கம்பெனிகளில் 3ஜி பெரும்பாலும் நின்னாச்சு. "4ஜி பிடிக்குமா? எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யுமா?" இந்த ரெண்டு கேள்வியும் கேட்டுட்டு வாங்குங்க.

பூட்டு போடுவது எப்படி?

வீட்டைப் பூட்டித் தாக்கோலை ஆணியில் தெருப்பக்கம் தொங்கவிடுவோமா? நாங்க சுவரில் எழுதினது அதைத்தான் செய்தது. வைஃபை கருவிக்கு ரெண்டு தாக்கோல் இருக்கு. இதைப் பலருக்கும் தெரியாது.

முதல் தாக்கோல், வைஃபையில் இணையறதுக்கான பாஸ்வேர்ட். இது எல்லாருக்கும் தெரிஞ்சது.

ரெண்டாவது, கருவியின் அமைப்புகளை மாத்துறதுக்கான பாஸ்வேர்ட். கருவியின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் ஒரு எண் முகவரியும், பேரும், பாஸ்வேர்டும் அச்சடிச்சிருக்கும். பல கருவிகளில் பேரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ஒரே மாதிரிக் கருவிகள் எல்லாத்துக்கும் கம்பெனி அதையே போட்டிருக்கலாம். அதை மாத்தாமல் விட்டால், உள்ளே நுழைஞ்சவன் நம்ம பூட்டையே மாத்தி நம்மை வெளியே நிறுத்தலாம்.

அந்த எண் முகவரியை லேப்டாப்பின் பிரௌசரில் அடிச்சால் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் நாலு வேலை செய்யணும்.

1. அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க.

2. வைஃபையின் பேரை மாத்துங்க. குழுவின் பேர், ஊர்ப் பேர், போன் நம்பர் இதெல்லாம் வைக்க வேண்டாம். குழுவின் பேரைப் போட்டால் "இங்கே பணக் கணக்கு இருக்கு" என்று நாமே போர்டு மாட்டின மாதிரி.

3. பாதுகாப்பு வகை என்கிற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று வைங்க. டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் அது 1990கள் காலத்துப் பூட்டு. 2001லேயே அதை உடைக்கிற வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. "ஓப்பன்" என்று இருந்தால் பூட்டே இல்லை.

4. புது வைஃபை பாஸ்வேர்ட் வைங்க. குறைஞ்சது 12 எழுத்து. குழுப் பேர், பிள்ளை பேர், பிறந்த வருஷம் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு நாலு சொல்லைச் சேர்த்து, நடுவில் ஒரு எண்ணைப் போடுங்க. அடுக்களையில் ஒரு சொல், வயலில் ஒரு சொல், பட்டறையில் ஒரு சொல் என்று எடுத்தால் நமக்கு மறக்காது, அடுத்தவனுக்குத் தெரியாது.

அதே பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலும் இருக்கும். மாதக் கூட்டத்தில் பாஸ்புக்கைப் பார்க்கிற மாதிரி, அந்தப் பட்டியலையும் மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. தெரியாத கருவி இருந்தால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாத்துங்க.

லேப்டாப்பின் உடம்பைப் பாருங்க

வாசலை மட்டும் பூட்டினால் போதாது. லேப்டாப்பும் ஆரோக்கியமாக இருக்கணும்.

விலையில்லா லேப்டாப்பில் பழைய விண்டோஸ் இருக்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்னுபோச்சு. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிஞ்சது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் கணக்கை எழுதலாம், அச்சடிக்கலாம். ஆனா நெட்டில் செருகி வங்கி வேலை பார்க்காதீங்க. புது விண்டோஸ் ஏற முடியாத லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடலாமா என்று தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பலதில் நன்றாக ஓடும்.

புது வைஃபையில் முதல் தடவை இணையும்போது, இது பொது இணைப்பா, தனி இணைப்பா என்று லேப்டாப் கேட்கலாம். பொது, அதாவது "பப்ளிக்" என்றே கொடுங்க. அப்போ நம்ம லேப்டாப்பை அதே வைஃபையில் இருக்கிற மத்தவங்க பார்க்காதபடி மறைச்சு வைக்கும். ஃபயர்வால் என்கிற காவல்காரனை அணைக்காதீங்க.

டேட்டா சீக்கிரம் தீருதா? விண்டோஸ் அமைப்பில் அந்த வைஃபையை "மீட்டர்டு கனெக்ஷன்" என்று குறிச்சு வைங்க. பின்னால் தானாக இறங்குற பெரிய பெரிய அப்டேட்களில் பலதும் காத்திருக்கும். ஆனா பாதுகாப்பு அப்டேட்டை அப்படியே விட்டுரக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் கணக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து நாமே இறக்கிரணும்.

பென் டிரைவ், மெமரி கார்டு வழியாகவும் கெடுதல் வரும். 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் என்கிற கிருமி, நெட் வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் உலகம் முழுக்கப் பல லட்சம் கம்ப்யூட்டர்களில் பரவினது. சில டாங்கிளில் மெமரி கார்டு போடுகிற துளையும் இருக்கும். அதில் பாட்டு, சினிமா கார்டைச் செருகிக் குழு லேப்டாப்பில் போடாதீங்க.

இன்னொண்ணு, மயிலாடிக்காரங்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லணும். நம்ம ஊர் கல் சிற்பத்துக்குப் பேர் போனது. பட்டறைப் பக்கம் வீடு இருக்கவங்களுக்குத் தெரியும், துணி காயப்போட்டால்கூடத் தூசி படியும். அந்தத் தூசி யு.எஸ்.பி. துளைக்கும் லேப்டாப் ஃபேனுக்கும் ஆகாது. வேலை முடிஞ்சதும் டாங்கிளுக்கு மூடியைப் போடுங்க, லேப்டாப்பைப் பையில் வைங்க. டாங்கிளைச் செருகினபடியே லேப்டாப்பைத் தூக்காதீங்க, துளை உடைஞ்சிரும். சிக்னல் கிடைக்கலைன்னா ஒரு யு.எஸ்.பி. நீட்டு வயரில் டாங்கிளை மாட்டி ஜன்னல் பக்கம் வைங்க. பாக்கெட் வைஃபையின் பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்துங்க, சார்ஜ் போடவே கூடாது.

பேர் யாருடையது?

இப்போ அந்த அக்காவின் கேள்விக்குத் திரும்ப வாறேன். சிம் யார் பேரில் இருக்கணும்?

பதிவு செய்த கூட்டமைப்பாக இருந்தால், கூட்டமைப்பின் பேரிலேயே இணைப்பு எடுக்க முடியுமா என்று கம்பெனி அலுவலகத்தில் கேளுங்க. சின்னக் குழு என்றால், தினமும் அதை வைத்து வேலை செய்கிறவர் பேரில் எடுங்க. கடையில் "யாராவது ஒரு ஆதார் போதும்" என்பாங்க. போதாது. விரல் வைக்கிறவருக்கு அது எதுக்கு என்று தெரியணும். யார் பேரில் எடுத்தது, எந்த நம்பர், கருவி யார் கையில் இருக்கு, இந்த மூணையும் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். அவர் குழுவை விட்டுப் போனால் அந்த சிம்மை மூடிட்டு வேறு எடுக்கணும். ஊக்குநரோ பிரதிநிதியோ மாறினால் பாஸ்வேர்டும் மாறணும்.

உங்க பேரில் எத்தனை சிம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? மத்திய அரசு 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி என்கிற இணையத்தளத்தைத் தொடங்கியிருக்கு. அதில் உங்க நம்பரைக் கொடுத்தால், உங்க பேரில் உள்ள இணைப்புகள் வரும். நீங்க வாங்காதது இருந்தால் "இது என்னுடையது இல்லை" என்று அங்கேயே சொல்லலாம். நம்ம மாநிலத்தில் ஒருத்தர் பேரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். ஆதார் நகல் எத்தனை கடையில் கொடுத்திருக்கோம் என்று யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு ராத்திரியே வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துருங்க.

டாங்கிளை இரவல் கொடுக்கிறதும் இதே கதைதான். "மைனி, ஒரு நாளைக்கு டாங்கிளைத் தாங்களேன், பையனுக்குப் பரீட்சை அப்ளிகேஷன் போடணும்" என்று கேட்டால் மறுக்க மனசு வராது. கருவியைக் கொடுக்க வேண்டாம். பையனை இங்கே வரச் சொல்லுங்க, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்க. உதவியும் ஆச்சு, பேரும் பத்திரம்.

போனில் வருகிற திருடன்

பூட்டை உடைக்கத் தெரியாத திருடன் என்ன செய்வான்? நம்மையே திறக்க வைப்பான். "உங்க சிம் இன்னும் ரெண்டு மணி நேரத்தில் கட் ஆகும், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று ஒரு செய்தி வரும். கூப்பிட்டால், "சரி செய்து தாறேன், இந்த ஆப்பைப் போடுங்க" என்பான். அது நம்ம திரையை அவனுக்குக் காட்டுகிற ஆப். பிறகு ஓ.டி.பி. வந்தால் நாம் சொல்லக்கூட வேண்டாம், அவனே படிச்சுக்குவான். இப்படித் திரையைக் காட்டுகிற ஆப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரிக்கை கொடுத்தது.

ஓ.டி.பி. என்பது நம்ம கையெழுத்து. வெத்துச் செக்கில் கையெழுத்துப் போட்டுத் தெரியாத ஆளிடம் கொடுப்போமா?

ரயில் நிலையம், பஸ் நிலையம், கடை இங்கே எல்லாம் இலவச வைஃபை கிடைக்கும். செய்தி படிக்கலாம், ரயில் நேரம் பார்க்கலாம். குழுவின் வங்கிக் கணக்கை அங்கே திறக்காதீங்க. அதே பேரில் ஒரு பொய் வைஃபையை யாரும் போட்டு வைக்க முடியும். அவசரம் என்றால் உங்க போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கிடுங்க. பிரௌசரில் பூட்டுப் படம் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீங்க. போகிற வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேருகிற இடம் நல்ல இடமா என்று அது சொல்லாது. வங்கியின் முகவரியை எழுத்து எழுத்தாக நீங்களே அடிச்சுப் போங்க.

பணம் போயிருச்சுன்னு தெரிஞ்சால்? அழுதுகிட்டு உட்காராதீங்க, வீட்டில் திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. உடனே 1930 என்கிற எண்ணுக்குப் போன் போடுங்க. வங்கிக்கும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி இதைத்தான் சொல்லுது: நம்ம தப்பும் வங்கி தப்பும் இல்லாமல் மூணாவது ஆளால் பணம் போய், மூணு வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிட்டால், நமக்கு நஷ்டம் இல்லை. ஆனா ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரியப்படுத்துகிற வரைக்கும் போனது நம்ம தலையில்தான்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"டாங்கிளிலிருந்து கதிர்வீச்சு வருமாமே, கர்ப்பிணிப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்கலாமா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. டாங்கிளும் செல்போன் மாதிரி ரேடியோ அலையில்தான் வேலை செய்யுது. ஒரு அடி தள்ளி வைத்தாலே நம்ம உடம்பில் படுவது வெகுவாகக் குறையும். அதனால் மடியில் வேண்டாம், மேசையில் வைங்க. லேப்டாப்பையும் மெத்தை, தலையணை மேல் வைக்காதீங்க. காத்து போகாமல் சூடாகும்.

"பாஸ்வேர்டை எங்கேயும் எழுதவே கூடாதா?" என்று ஒரு தங்கச்சி கேட்டா. எழுதலாம். சுவரில் எழுதாதே, அவ்வளவுதான். ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, தீர்மான நோட்டு இருக்கிற பெட்டியில் பூட்டி வை. உனக்கு உடம்பு சரியில்லைன்னா அடுத்தவங்க வேலை பார்க்கணும் அல்லவா? ஆனா வங்கி பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் அப்படி இல்லை. அது உரியவங்க மனசில் மட்டும்தான் இருக்கணும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்கக் கேட்டால் இல்லைன்னு சொல்றது பாவம் இல்லையா?" இது நியாயமான கேள்வி. பல வைஃபை கருவிகளில் விருந்தாளிக்கென்று தனி இணைப்பு, "கெஸ்ட்" என்று போட்டிருக்கும். அதுக்குத் தனி பாஸ்வேர்ட் வைத்து, படிக்கிற நேரத்துக்கு மட்டும் திறந்துவிடலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். விருந்தாளி பார்க்கிறதும் சிம் உள்ளவங்க பேரில்தான் பதிவாகும். தெரிஞ்ச பிள்ளைக்கு மட்டும் கொடுங்க.

குழுக்களில் எழுத வேண்டிய தீர்மானம்

இதை எழுதிக்கிடுங்க. அடுத்த கூட்டத்தில் உங்க தீர்மான நோட்டில் ஏத்துங்க.

1. குழு சிம் யார் பேரில், எந்த நம்பர், கருவி யார் பொறுப்பில் என்று பதிவு செய்வோம்.

2. வைஃபை பாஸ்வேர்டையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாத்தி, கவரில் இட்டுப் பெட்டியில் பூட்டி வைப்போம்.

3. மாசத்துக்கு ஒரு தடவை இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்ப்போம்.

4. பொறுப்பாளர் மாறினால் பாஸ்வேர்டும் மாறும்.

5. கருவியை இரவல் கொடுக்க மாட்டோம். வேலை முடிஞ்சதும் அணைப்போம்.

6. வங்கி வேலையைப் பொது வைஃபையிலோ, பழைய விண்டோஸ் உள்ள லேப்டாப்பிலோ செய்ய மாட்டோம்.

7. கணக்கின் நகலை வாரம் ஒரு தடவை இதுக்கென்று வச்சிருக்கும் பென் டிரைவில் எடுத்து வைப்போம்.

8. ஏமாந்தது தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930க்குச் சொல்வோம். ஏமாந்தவளைக் குழுவில் யாரும் ஏசக் கூடாது.

கடைசித் தீர்மானத்தைச் சும்மா எழுதலை. ஏச்சுக்குப் பயந்துதான் பல பெண்கள் ரெண்டு நாள் மூணு நாள் வாயைத் திறக்காமல் இருக்காங்க. அந்த ரெண்டு நாளில்தான் பணம் கைக்கு எட்டாத தூரம் போயிருது.

எங்க குழுவில் சுவரைக் கழுவியாச்சு. அந்த அக்கா பேரில் இருந்த சிம்மை மூடிட்டு, கணக்கு எழுதுகிற என் பேரில் புதுசு எடுத்தாச்சு. அன்றைக்கு அந்த அக்கா என்கிட்ட, "பேரைத் திரும்பத் தந்துட்டே பிள்ளே" என்று சிரிச்சாங்க. கடன் அட்டையில், பாஸ்புக்கில், ஓட்டர் லிஸ்டில் நம்ம பேர் வர நாம எத்தனை வருஷம் பாடுபட்டோம்! அந்தப் பேரை ஒரு சின்ன டாங்கிளில் தொலைச்சிரக் கூடாது.

எல்லாரும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாத்துங்க. தெரியலைன்னா கூச்சப்படாமல் கேளுங்க. நானும் கேட்டுத்தான் படிச்சேன்.